பல் மருத்துவமனையில் என் சூத்திரம் பட்ட பாடு

செயல்முறை ஆராய்ச்சி இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் கட்டுரை மதிப்பீட்டாளர்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்றாமவர் என் கட்டுரையைப் படித்த அன்று மட்டும் நலமாக இல்லை என்று தோன்றுகிறது.

மருத்துவமனையில் காத்திருப்போரை எந்த வரிசையில் அழைத்தால் எல்லோருக்கும் காத்திருப்பு குறையும் என்று நான் எழுதிய கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கணக்கு புதியது, நிரூபணம் சரி, ஆனால் உயிருள்ள யாராவது இதைப் பயன்படுத்திப் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இத்தனை வருடமாக என் வகுப்பில் யாரும் கேட்காதது. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் என் பதவி உயர்வு நகரும் என்பதால், பல் மருத்துவரான என் தங்கையிடம் அவள் மருத்துவமனையை ஒரு மாதம் இரவல் கேட்டேன்.

"எடுத்துக்கோ. ஆனா பேஷண்ட்டை எக்ஸ், ஒய்னு கூப்பிடாதே" என்றாள்.

முதல் வாரம் நானே போய் உட்கார்ந்தேன். என் கணக்குப்படி சிறு வேலைக்கு வந்தவர் முன்னால், பெரிய வேலைக்கு வந்தவர் பின்னால், ஆனால் பல் காட்ட வருபவர் தனியாக வருவதில்லை, துணைக்கு வந்த மனைவி "வந்ததே வந்தேன், எனக்கும் இந்தக் கடைவாயை ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்" என்று நாற்காலியில் ஏறிவிடுகிறார், அவரைக் கணக்கில் சேர்ப்பதற்குள் அடுத்தவர் உள்ளே துளைபோடும் சத்தம் கேட்டு "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று குடையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிடுகிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரோ ஏசிக்காகவே காலையில் பத்திரிகையோடு வருகிறார், முதலில் அழைத்தால் "இப்பதானேம்மா உக்காந்தேன், அதுக்குள்ள என்ன அவசரம்? அவரை அனுப்புங்க" என்று கோபித்துக்கொள்கிறார், காத்திருக்க விரும்புகிறவர் என்று ஒரு ஜென்மம் என் சூத்திரத்தில் கிடையாது. இது போதாதென்று என் தங்கை. வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு "வீடு கட்டி முடிச்சாச்சா?" என்று கேட்கிறாள், பதில் வரும்வரை காத்திருக்கவும் செய்கிறாள்.

"நீ பேசற நேரத்தையும் தனியா எழுதச் சொல்லப்போறேன்" என்றேன்.

"தாராளமா எழுதிக்கோ" என்றாள்.

அதன் பிறகு எனக்கு வகுப்பு இருந்ததால், வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொருவரும் காத்திருந்த நேரத்தைத் தினமும் குறித்து அனுப்பிவந்தார். எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல நான். மறுபடி மறுபடி சரிபார்த்துவிட்டேன். மாத முடிவில் காத்திருப்பு பாதியாகிவிட்டது. தலைமையாசிரியர்தான் புகார் சொல்கிறாராம்: "நிம்மதியா ஒரு தலையங்கம் படிக்க விடமாட்டேங்கறாங்க." இதைவிடச் சான்று வேண்டுமா? அட்டவணைகளோடு திருத்திய கட்டுரையை இணைத்திருக்கிறேன். மனம் நிறைந்திருக்கிறது.

தங்கள் இதழ் செழிக்கவும், தங்கள் மேசையில் என்னுடையது நீங்கலாக மற்றக் கட்டுரைகள் குறையவும் வாழ்த்துகிறேன். மூன்றாமவரைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
காத்திருக்கும் இணைப் பேராசிரியை

பின்குறிப்பு: நன்றியுரையில் தங்கையின் பெயருக்குப் பின்னால் பட்டத்தை எப்படிப் போடுவது என்று கேட்க அவளை இப்போதுதான் போனில் அழைத்தேன்.

"கோவிச்சுக்காதே அக்கா. நீ போட்ட வரிசையை முதல் வாரத்தோட விட்டுட்டோம். வந்தவங்களை வந்தபடிதான் கூப்பிட்டோம்."

"அப்புறம் எப்படிடி பாதியாச்சு?"

"நான் பேசறதை எழுதறேன்னியே. வெக்கமாயிடுச்சு. மாசம் பூரா வாயே திறக்கலை."

ஆகவே கட்டுரையின் தலைப்பையும் முறையையும் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். முடிவு அப்படியே இருக்கட்டும். தேடிப் பார்த்தேன், மருத்துவர் பேசாதிருத்தல் என்ற முறையை இதுவரை எவரும் ஆய்வு செய்ததாகத் தெரியவில்லை. எனவே புதியது. உயிருள்ள ஒருவர் பயன்படுத்தியும் இருக்கிறார். ஒரே ஒரு இடர்ப்பாடு, எந்த முடிவையும் மறுபடி செய்துகாட்ட இயல வேண்டும் என்பது தங்கள் விதி. அதையும் அவளிடம் கேட்டுவிட்டேன்.

"இன்னொரு மாசமா? அதுக்கு நீ பேராசிரியர் ஆகாமலே இருந்துக்கோ" என்கிறாள்.