ஸ்வே பார் மாற்றிய மனிதர்

கார் வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. கம்பெனிக்காரர்கள் காரைச் செய்து முடித்துத்தான் விற்றார்கள் என்பதை இந்த இனம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது. அவர்கள் அரைகுறையாக விட்டதைச் சரிசெய்யவே தாம் பிறந்திருப்பதாக நம்பும். பார்த்தால் நம்மைப் போன்றவர்கள்தாம். சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள். டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்திலும் பதில் வரும்.

நம்முடையவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் தலைவர். அங்கே அவரை எல்லோரும் 'பேலன்ஸ் சார்' என்கிறார்கள். கணக்கில் புலி என்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கேன்டீனில் டப்பா மூடியைக் கவிழ்த்துவைத்து, அதன் கீழ் இரண்டு பேனாக்களைச் செருகி, "இதுதான் கார், இப்ப நாம லெஃப்ட்ல திரும்புறோம், பாருங்க எப்படிச் சாயுதுன்னு" என்று ஆரம்பித்தால், பக்கத்திலிருப்பவர்கள் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவப் போய்விடுவார்கள். அந்தச் சாய்வைத் தடுக்க, காரின் பின்பக்கம் அடியில் இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஒரு கம்பி இருக்குமாம். ஸ்வே பார் என்று பெயர். கம்பெனி வைத்தது ஒல்லிக் கம்பி. அவர் வெளியூரிலிருந்து வரவழைத்தது தடிக் கம்பி, சிவப்புப் பெயிண்ட் அடித்தது. வந்த அன்று அதை ஹாலில் சோபாமேல் கிடத்தினார். வீட்டார் தரையில் உட்கார்ந்தார்கள்.

வீட்டிலிருந்து அலுவலகம்வரை ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது என்பது வேறு விஷயம். வளைவு என்று சொல்ல அங்கே இருப்பது அலுவலக கேட் ஒன்றுதான். அதிலும் காவலாளி எழுந்து வந்து திறக்கும்வரை நின்றே ஆகவேண்டும்.

ஆனால் இந்த முறை அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மலைமேல் ஓர் ஊரில் இருக்கும் மைத்துனிக்கு, கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. தங்கையின் குழந்தையை மடியில் வாங்க வேண்டும் என்று மனைவி தவியாய்த் தவித்தார். மலைப்பாதை வளைவுகளில் அவருக்குக் குமட்டும். அந்தப் பயத்தில்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டினாப் போதுங்க" என்றார் மனைவி.

"உனக்குக் குமட்டுறது வேகத்தால இல்ல, சாய்வால. இந்தக் கம்பி உனக்காகத்தான் வாங்கினேன்."

உலகத்தில் எந்த மனைவிக்காவது இப்படி ஒரு பரிசு கிடைத்திருக்குமா?

காரையும் கம்பியையும் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டார். மறுநாள் எடுக்கப் போனபோது மெக்கானிக், "சார், ஆயில் மாத்திட்டேன். ஆனா அந்தக் கம்பியப் பிடிச்சு மாட்டக் கூட வந்த ரப்பர்..." என்று இழுத்தார். "ரப்பரப் பத்தி நான் சொல்றேன், கேளுங்க" என்று இவர் பிடித்துக்கொண்டார். ரப்பரின் கடினம், அது தேயும் விதம், வெளிநாட்டில் என்ன போடுகிறார்கள் எல்லாம் வந்தது. "அதில்ல சார், அளவு..." என்று மெக்கானிக் இன்னொரு முறை வாயைத் திறந்தார். அளவைப் பற்றியும் இவரே சொன்னார். மெக்கானிக் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கடியில் புகுந்துகொண்டார்.

தெருமுனை திரும்பியதுமே நம்மவருக்குப் புல்லரித்துவிட்டது. கார் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்றாம்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினார்கள். கம்பி இருக்கிற தைரியத்தில் ஒவ்வொரு வளைவையும் வழக்கத்தைவிட வேகமாக எடுத்தார். "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மனைவி பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இவர் அதைச் சர்ட்டிஃபிகேட்டாக எடுத்துக்கொண்டார். கடைசி வளைவில் பை போதவில்லை.

தங்கை குழந்தையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அக்கா கையை நீட்டி, தன் சேலையைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார். எத்தனை மாதமாக ஆசைப்பட்ட குழந்தை! பாவமாக இருந்தது. மாற்றுத்துணி எடுக்க டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றார். பெட்டிக்கு அடியில், அட்டையில் சுற்றி, முனை மட்டும் வெளியே தெரிய, கம்பி.

"ஏங்க, இது என்ன?"

"பழைய கம்பியா இருக்கும். கழட்டிப் போட்டிருப்பான்."

"பழசு சிவப்பாவா இருந்துச்சு?"

வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றியிருக்கும். நம்மவர் டிக்கிக்குள் குனிந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"பாத்தியா? சும்மா டிக்கியில கிடந்ததுக்கே கார் இவ்வளவு நல்லா வளைஞ்சா, மாட்டினா எப்படி இருக்கும்னு யோசி."

மனைவி எதையும் யோசிக்கவில்லை. குளித்து, துணி மாற்றி, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கணவரைத் தனியாகத் திருப்பி அனுப்பினார். பத்து நாள் கழித்துக் காய்கறி வேனின் முன்சீட்டில் மலையிறங்கினார். டிரைவர் மெதுவாக ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

இதற்குள் சரியான ரப்பர் வந்து, கம்பியை மாட்டியும் ஆகிவிட்டது. ஓட்டிப் பார்த்த நம்மவர் முகம் சுளித்தார். "முன்ன இருந்த அந்த ஃபீல் இல்லையேப்பா" என்று மெக்கானிக்கிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் காரே இல்லை, நிம்மதி. போன மாதம் சமையலறையில் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் ஒன்று மாட்டினீர்களே, தண்ணீர் எப்படி இனிக்கிறது பாருங்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிறீர்களே, அதற்கு சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று எதற்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். வீட்டில் யாரையும் கேட்க வேண்டாம். அவர்களுக்கு முதல்நாளே தெரியும்.