நானூற்றுப் பன்னிரண்டு பன்றிகளும் ஒரு வாழ்த்துரையும்

பிக்ஸ்பரி, தென் கரோலினா
1828 டிசம்பர் 20, சனிக்கிழமை

லெக்சிங்டன் கயிற்றாலையின் உரிமையாளரும், சுங்கவரி ஆதரவுச் சங்கத்தின் காரியதரிசியும், என் மனைவி கெசியாவின் அண்ணனும், எனக்கு வாய்த்த ஒரே மைத்துனருமான மகா கனம் பொருந்திய லெமுவல் பிராக்கெட் அவர்கள் சமுகத்துக்கு, பன்றி ஓட்டும் ஓபதாயா டிரிம்பிள் தாழ்ந்து பணிந்து எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் வீட்டம்மாளும் கயிற்றாலையும் கர்த்தர் கிருபையால் செழித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் செழித்திருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கூசாமல் பொய் சொல்லும் திறமை நம் குடும்பத்தில் தங்களுக்கு மட்டும்தான் வாய்த்தது. கென்டக்கியிலிருந்து முப்பத்தைந்து நாள் நடத்திவந்த நானூற்றுப் பன்னிரண்டு பன்றிகளும் நானும் இந்த ஊர் விடுதிக்குப் பின்னால் உள்ள சேற்றுப் பட்டியில் பத்து நாளாகக் கிடக்கிறோம். பன்றிகளாவது சேற்றை ரசிக்கின்றன. இதுவரை ஒருவரும் ஒரு குட்டியைக்கூட வாங்கவில்லை, அவை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகின்றன. இவை விற்றால்தான் பதினோரு வருஷம் மரம் வெட்டித் திருத்திய என் நிலம் என் கையில் நிற்கும். விற்காவிட்டால், வசந்தம் பிறந்ததும் அதை எவனிடமாவது தள்ளிவிட்டு, தங்கள் தங்கையையும் ஆறு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மிசூரிக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்குக் காரணம் தாங்கள்தான் என்று நான் சொல்ல மாட்டேன், மரியாதை தெரிந்தவன். தங்கள் கையெழுத்துதான் காரணம்.

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விருந்தைச் சற்று நினைத்துப் பார்க்கவும். பந்தலுக்குப் பக்கத்தில் குழியில் முழுப் பன்றி வெந்துகொண்டிருந்தது. வழக்கப்படி பதின்மூன்று வாழ்த்துரைகளும் அவற்றுக்குப் பதின்மூன்று கோப்பைகளும் முடிந்து, விரும்புகிறவர்கள் எழுந்து ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்லும் கட்டம் வந்தது. நான் விரும்பவில்லை. பதின்மூன்று கோப்பைக்குப் பிறகு மனிதன் விரும்புவதெல்லாம் ஒரு மர நிழல்தான். தாங்கள்தான் ஒரு சீட்டை என் கையில் திணித்து, குடியானவன் வாயால் வந்தால் எடுபடும் என்று விலாவில் இடித்தீர்கள். அயல்நாட்டுச் சணலுக்கும் இரும்புக்கும் துணிக்கும் வாஷிங்டன் போட்ட, தங்களுக்கு இனித்துத் தெற்கத்தியாருக்குக் கசந்த புதிய சுங்கவரியைப் பற்றியது அது. எழுந்தேன், படித்தேன். "தென் கரோலினா: முகத்தைச் சுளித்துக்கொண்டு புதிய வரியை விழுங்குவாள், பிறகு நம் பன்றியையும் விழுங்குவாள், அவளுக்கு வேறு கதியில்லை." ஒன்பது முறை ஆரவாரம் செய்தார்கள், ஒரு பீரங்கி வெடித்தார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று, ஒளிப்பானேன்? வாழ்த்துகளைச் சொன்னவர் பெயரோடு பத்திரிகையில் போடுவது வழக்கம். ஓர் ஊர்ப் பத்திரிகையை இன்னோர் ஊர்ப் பத்திரிகை கத்தரித்துப் போட்டுக்கொள்வது அதைவிடப் பழைய வழக்கம். இரண்டும் தாங்கள் அறிந்ததே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் தங்கள் வாயால் கெட்டேன்.

கெசியா அன்றைக்கே கேட்டாள். "அண்ணன் எழுதிக் கொடுத்ததை வாசிச்சீங்களே, நம்ம பன்னியை வாங்குறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?" என்றாள். அரசியல் பெண்களுக்குப் புரியாது என்று தாங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியத்தை அப்படியே அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் சோள ரொட்டி உப்பில்லாமல் வந்தது. உப்புக்கும் வரி உண்டல்லவா, சிக்கனமாக இருக்கிறேன் என்றாள்.

நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். நம் ஊரில்தான் நீதிமன்றப் படியேறி, ஊர் முழுக்கக் கேட்க, யாருக்கு ஓட்டு என்று வாயால் சொல்ல வேண்டுமே. தாங்கள் ஒரு கையில் விஸ்கிச் சாடியும் மறு கையில் என் முழங்கையுமாக நின்றீர்கள். தாங்கள் சொன்ன பெயரையே சொன்னேன். அவர் தோற்றார். அந்தப் பெயரைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த, ஜெயித்தவர் கட்சிக்காரர்களான என் பழைய கூட்டாளிகள் இருவர் இந்த முறை பன்றி ஓட்டத் துணைக்கு வர மறுத்துவிட்டார்கள். கூலிக்குப் பிடித்த புது ஆட்களை வைத்துக்கொண்டு கம்பர்லாந்து கணவாய் ஏறி, டென்னசியை இரண்டு வாரம் குறுக்கே கடந்து, பிரெஞ்சு பிராட் ஆற்றங்கரையோடு மழையில் நனைந்து வந்தேன். வழியில் விடுதிக்கு விடுதி எதிரே வந்தவர்கள் நம் ஊர்ப் பன்றி ஓட்டிகள். தென் கரோலினாவில் கென்டக்கிப் பன்றியும் கோவேறு கழுதையும் வாங்குவதில்லை, வடக்கத்தித் துணி உடுத்துவதில்லை என்று கனவான்கள் சபதம் செய்துவிட்டார்களாம். ஆகவே அவர்கள் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. வியாபாரம் வேறு, அரசியல் வேறு என்று தாங்கள் சொன்னதை நம்பினேன்.

பிக்ஸ்பரிக்குள் நுழைந்த அன்றே சபதக் குழுவின் தலைவர் கர்னல் அகஸ்டஸ் மொலெட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இந்த மாநிலத்தில் கர்னல்களை எண்ணினால் பிறகு சிப்பாய் வேலைக்கு ஆள் மிஞ்சாது. சபதத்துக்காக மனிதர் வீட்டில் நெய்த முரட்டுத் துணியில் கோட்டு தைத்துப் போட்டிருந்தார். உள்ளே ஆங்கிலேயப் பட்டு வைத்துத் தைத்திருந்தது. இங்கிலாந்துக்காரன் எதிரியில்லையாம், எதிரி நாம்தானாம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தரித்த தாளை எடுத்துத் தூரப் பிடித்து வாசித்தார். என் வாழ்த்துரை! ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"நீங்கதானா அந்த டிரிம்பிள்?" என்று கேட்டார்.

பேர் என்னுடையதுதான், வாசகம் என் மைத்துனருடையது என்று உண்மையைச் சொன்னேன். வரியால் எனக்கும் இரும்பு விலை ஏறியிருக்கிறது, சணல்காரர்களின் ஆசைக்கும் பன்றிக்காரனுக்கும் சம்பந்தமில்லை என்றும் மன்றாடினேன்.

"மைத்துனன் எழுதினான்னு எல்லாக் கென்டக்கிக்காரனும்தான் சொல்றான். எங்களுக்கு வேற கதி இருக்குன்னு காட்டத்தான் இந்தச் சபதமே. உங்க பன்னிங்களைப் பத்திரமாப் பாத்துக்குங்க," என்றார்.

அவர் மனிதத்தன்மை அற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. என் பன்றிகளை வாங்கக் கூடாதே தவிர, அவற்றுக்குத் தம் மக்காச்சோளத்தை விற்கலாமாம். சபதத்தில் அதற்குத் தடையில்லை. தினமும் காலையில் அவருடைய வண்டி வந்து என் பட்டியில் சோளத்தைக் கொட்டுகிறது. அவர் சொல்கிற விலையைக் கேட்டால் வரி போட்ட வாஷிங்டன்காரர்களே வெட்கப்படுவார்கள்.

இந்த ஊர் அரசியலைத் தாங்கள் வந்து பார்க்க வேண்டும். ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடும் சிரமம் இங்கே ஜனங்களுக்கு இல்லை, அதைச் சட்டசபையே பார்த்துக்கொள்கிறது. நம் ஊரில் கத்தி ஓட்டுப் போடுகிறோம், இங்கே ஓட்டை எடுத்துவிட்டுக் கத்தலை மட்டும் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஜெயித்த டென்னசிக்காரர் வரியைக் குறைப்பார் என்று இவர்கள் குதிக்கிறார்கள். வழியில் பார்த்த பென்சில்வேனியா வியாபாரியோ, அதே மனிதர் வரியைக் காப்பாற்றுவார் என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்த மனிதர் வாயே திறக்கவில்லையாம். அவர் ஜனாதிபதி ஆகிறார். வாயைத் திறந்த நான் சேற்றில் நிற்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் கேளுங்கள். நீதிமன்ற மைதானத்தில் பெரிய கண்டனக் கூட்டம். சுங்கவரி என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு ஆளுயரப் பொம்மையைச் செய்து, உள்ளே சோளத் தோகையும் கதிரும் அடைத்து, கொளுத்துவதற்காகக் கம்பத்தின் அடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். பேச்சு மூன்று மணி நேரம் போயிற்று. பசித்த பன்றிக்கு அவ்வளவு சுதந்திர தாகம் கிடையாது. என் பட்டி வேலியைச் சாய்த்துவிட்டு அறுபது எழுபது பன்றிகள் மைதானத்துக்குள் நுழைந்து, கர்னல் தீப்பந்தத்தோடு மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் சுங்கவரியை அட்டையோடு தின்று முடித்துவிட்டன. வரியை ஒழித்தது நம் பன்றிகள் மட்டும்தான். அதற்கு நன்றி சொல்லாமல், கூட்டம் கூடும் உரிமையைக் கென்டக்கி அவமதித்துவிட்டது என்று என்மேல் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதுவும் பத்திரிகையில் வருமாம். என் பெயருக்கு இந்த வருஷம் ராஜயோகம்தான்.

இனி எழுதப்போவது சிரிப்பதற்கு அல்ல. சோள வண்டியை ஓட்டிவருகிறவர் கர்னலின் அடிமை, ஐசம் என்று பெயர், என் வயது இருக்கும். நேற்று மூட்டையை இறக்கிவிட்டுப் பன்றிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பேச்சுக் கொடுத்தேன். இங்கே வாங்குகிற கென்டக்கிப் பன்றிகள் அவர்களைப் போன்றவர்களின் குடிசைகளுக்கு வாரப்படியாகத்தான் போகும். இந்த வருஷம் அந்தப் படி நின்றுவிட்டது.

"கர்னலய்யா சபதம் எடுத்தாங்க, ஐயா. மூணு வாரமா அந்தச் சபதத்தைத் தின்னுக்கிட்டிருக்கிறது நாங்கதான். அவங்க வீட்டுப் புகைக்கூடத்துல போன வருஷத்துத் தொடைக்கறி இன்னும் தொங்குது," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பன்றியைச் சும்மா ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"நீங்க குடுத்ததுன்னு யாரு கேப்பாங்க? என் குடிசையில கறி இருந்தா நான் திருடன். பதில் சொல்ல வேண்டியது என் முதுகுதான்."

தங்கள் கயிற்றாலையில் சணல் திரிக்கிறவர்களும் தாமாக விண்ணப்பம் எழுதிச் சேர்ந்தவர்கள் அல்லவே. வடக்கு தெற்கை வதைக்கிறது என்று இங்கே கூச்சல், தெற்கு நம்மை ஏய்க்கிறது என்று அங்கே கூச்சல். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என்னை மத்தளம் என்று நினைத்து இத்தனை நாள் அழுதேன். நேற்றோடு அந்த அழுகை நின்றுவிட்டது.

ஆகையால் மைத்துனரே, கையைப் பிடித்துக் கேட்கிறேன். அந்த வாழ்த்துரை தங்களுடையது, டிரிம்பிள் வெறும் வாய் என்று லெக்சிங்டன் பத்திரிகையில் உடனே ஒரு மறுப்புப் போடவும். முடிந்தால் அடுத்த தேர்தலுக்குள் அந்த வரியையும் புதைத்துவிடவும். இரண்டு பக்கமும் சமாதானமாகப் போனால் ஒழிய என் போன்றவனுக்குப் பிழைப்பில்லை. இந்தப் பன்றிகளை எப்படியாவது தொலைத்துவிட்டால் இனி இந்த மாநிலத்தின் மண்ணை மிதிப்பதில்லை என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லிவிட்டேன். இது கர்னலின் சபதம் போல் பட்டு வைத்துத் தைத்ததல்ல.

தங்கள் வீட்டம்மாளுக்கு என் வந்தனம். தங்கள் ஆலைக்கு நெருப்பும், தங்கள் பேனாவுக்கு மையும் அண்டாமல் ஆண்டவர் காப்பாராக. கெசியாவிடம் நான் சுகமாக இருப்பதாகச் சொல்லவும். நம்ப மாட்டாள், ஆனாலும் சொல்லவும்.

என்றும் கட்டுப்பட்ட,
ஓபதாயா டிரிம்பிள்

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: கடிதத்தை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டது. காலையில் ஊரெல்லாம் தேவாலயத்தில் இருக்கும் சமயம் பார்த்துக் கர்னல் பின்வாசல் வழியாக வந்தார். டென்னசி மண்ணில் இரண்டு வாரம் நடந்து, டென்னசிச் சோளம் தின்ற பன்றிகளை டென்னசிப் பன்றிகள் என்று கொள்வதில் சபதத்துக்குப் பங்கமில்லை என்றார். அதற்கொரு தாள் எழுதி வந்திருந்தார், கையெழுத்துப் போட்டேன். அவர் போன அரை மணியில் சபதக் குழுவின் பொருளாளர் பக்கவாட்டு வழியாக வந்தார், அவர் போனதும் காரியதரிசி வேலி ஏறி வந்தார். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாதாம். மற்ற ஓட்டிகள் எல்லாரும் மலையிலேயே திரும்பிவிட்டதால் சுற்றுவட்டாரத்தில் பன்றி என்பதே என்னுடையதுதான். போன வருஷத்தைப்போல் இரண்டு மடங்கு விலை, ஒன்றுகூட மிச்சமில்லை. நிலம் தப்பித்தது. கர்னல் பங்குக்கு ஓட்டிப்போக ஐசம்தான் வந்தார். தொடை கர்னலின் புகைக்கூடத்துக்கு, தலையும் காலும் குடிசைகளுக்கு என்று உத்தரவாம். சபதம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடியவில்லை, இவை டென்னசிப் பன்றிகள் என்றேன். "அதுங்களுக்குச் சொல்லிட்டீங்களா, ஐயா?" என்று கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதன் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அடுத்த டிசம்பரில் அறுநூறு பன்றிகளோடு வருவதாக மூவருக்கும் தனித்தனியே வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரை சபதம் தளர்ந்துவிடாமல் இருக்க வேண்டும். ஆகவே மறுப்பு எதுவும் போட வேண்டாம், வரியில் ஒரு காசுகூட விட்டுக்கொடுக்க வேண்டாம். வருகிற ஜூலை நான்காம் தேதிக்கு இந்த வருஷத்தைவிடக் காரமாக ஒரு வாழ்த்துரை எழுதி வைக்கவும். நானே எழுந்து வாசிக்கிறேன்.