குழி விழாத குதிகால்

கை வைப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. திருட்டுக் கை அல்ல, பயப்படாதீர்கள். நடுரோட்டில் நின்றுபோன ஷேர் ஆட்டோவைப் பத்துப் பேர் தள்ளும்போது பதினோராவது ஆளாக ஓடி வந்து, பின்கம்பியில் உள்ளங்கையைப் பூப்போல வைத்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பைப் புடைக்கவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாக முக்குகிறாரே, அவரைச் சொல்கிறேன். வண்டி கிளம்பியதும் முதலில் வியர்வை துடைப்பவரும் அவர்தான். அவருடைய முழங்கையைக் கவனித்திருக்கிறீர்களா? மடங்கியே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இயக்க விதி என்று மூன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். சும்மா கிடக்கிற பொருள், யாரும் தள்ளாதவரை சும்மாவே கிடக்கும் என்பது முதலாவது. இதைப் படிக்காமலே ஐம்பத்தெட்டு வயதுவரை ஒழுக்கமாகக் கடைப்பிடித்தவர் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துத் தாமோதரன். இடுப்பு வலி என்று சொல்லி அவர் கடலுக்குப் போவதை நிறுத்திப் பதினைந்து வருடம் ஆகிறது. அந்த இடுப்பு ஒரு அதிசய இடுப்பு. பந்தியில் உட்காரும்போது வலிக்காது, வலை தூக்கும்போது மட்டும் வலிக்கும். காலையில் ஏலக் கொட்டகை நிழலில் ஒரு பழைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார் என்றால், படகுகள் கரைக்கு வரும்வரை அசைய மாட்டார்.

படகு வந்துவிட்டால்? அப்போது பார்க்க வேண்டும் மனிதரை!

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். ஃபைபர் படகைக் கடலிலிருந்து மேட்டுக்கு ஏற்றக் கை கொடுத்தவர் யாராக இருந்தாலும், படகுக்காரர் கறிக்கு நாலு மீன் போட்டு அனுப்ப வேண்டும். யார் எவ்வளவு தள்ளினார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அது மரியாதையில்லை. ஆகவே தாமோதரன் எல்லாப் படகிலும் கை வைப்பார். "ஆங்... தள்ளு மாமு! வுடாதே! ஏறுது, ஏறுது!" என்று அவர் போடும் சத்தத்தில், அவர் இல்லாவிட்டால் படகே ஏறாது என்று புதிதாக வந்தவன் நம்பிவிடுவான். ஒன்பது மணிக்குள் அவர் பை நிறைந்துவிடும். வீட்டில் தினமும் மீன் குழம்பு, அதிலும் உப்பு போதவில்லை என்று குறை வேறு.

அவர் வேஷத்தைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள். பச்சையம்மா. இரண்டு படகுக்குச் சொந்தக்காரி, வாய்க்கும் சொந்தக்காரி. படகு ஏறியதும் அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், குனிந்து மணலைப் பார்ப்பாள். நாம் படகை முன்னால் தள்ளினால், கால் மணலைப் பின்னால் தள்ளும். உண்மையாகத் தள்ளியவன் நின்ற இடத்தில் குதிகால் புதைந்து குழி விழுந்திருக்கும். மூன்றாம் விதியை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மணல்தான் சொல்லியது. குழிக்குத் தகுந்த மீன்.

ஒருமுறை தாமோதரன் குதிகாலைத் திருகித் திருகி ஒரு குழி தோண்டி வைத்தார். பச்சையம்மா பார்த்தாள்.

"இன்னாண்ணே இது? தள்ளுன குழின்னா மண்ணு பின்னால சரிஞ்சிருக்கும். இது நண்டு நோண்டுன மாரி கீது."

கரையே சிரித்தது. தாமோதரனும் சேர்ந்து சிரித்தார். இந்த இனத்துக்கு வெட்கம் என்ற உறுப்பே கிடையாது.

ஆனால் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். இந்த ஆள் பை நம் பைக்குச் சமமாகத்தானே நிறைகிறது? பிறகு நாம் மட்டும் ஏன் தோள்பட்டை கழன்றுபோகத் தள்ளுகிறோம்? ஆறே மாதத்தில் கரையில் முழங்கைகள் மெல்ல மடங்கத் தொடங்கின. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

தாமோதரனின் மகன் திலீப் அப்பனைப் போல இல்லை. மூன்று வருடம் ஊரார் படகில் கூலிக்குப் போய், நாற்பது நாளுக்கு முன்புதான் சொந்தமாக ஒரு படகு இறக்கினான். நீலப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் தன் குழந்தையின் பெயரை எழுதினான்: மகிழினி. அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஐப்பசி கடைசியில் புயல் சின்னம் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த காலையிலேயே திலீப் வந்து நின்றான்.

"நைனா, நம்ம போட்டை இப்பவே ரோட்டுக்கு ஏத்திடலாம். ஆளைக் கூப்புடு."

ஐஸ் பெட்டி அசையவில்லை. "இன்னாடா அவசரம்? மத்தவன் போட்டெல்லாம் ஏறட்டும். அப்பால அத்தினி ஆளும் நம்மாண்டதான வந்தாவணும்? நோவாம ஏத்திக்கலாம்."

மகன் கெஞ்சினான். அப்பன் டீ சொன்னார். பகல் மூன்று மணிக்கு மற்ற படகெல்லாம் ரோட்டோரம் ஏறிவிட்டன. கரையில் மிச்சம் இருந்தது மகிழினி மட்டும். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அதே முதல் விதியில் இன்னொரு பாதி உண்டு. அதைக் கடல் படித்திருந்தது. ஒவ்வொரு அலையும் முந்தியதைவிட நாலு அடி கூடுதலாக ஏறி வந்துகொண்டிருந்தது.

ஆட்கள் வந்தார்கள். குறை சொல்லக் கூடாது, பதினைந்து பேர். எல்லோரும் கை வைத்தார்கள். எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். "தள்ளு! வுடாதே! ஏறுது, ஏறுது!" என்று பதினைந்து தொண்டையும் கத்தின. படகு ஒரு சாண்கூட ஏறவில்லை. மீதி பதினாலு பேர் தள்ளுகிறார்களே என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருந்தான்.

தாமோதரன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்தார். முதல்முறையாகத் தள்ளினார். தோள் நடுங்க, மூச்சு அடைக்க, உண்மையாகவே தள்ளினார். தள்ளியபடியே பக்கத்து ஆளின் முழங்கையைப் பார்த்தார். மடங்கியிருந்தது. அதற்கடுத்தது? அதுவும். ஒரு கைதேர்ந்த ஆளின் கண்ணுக்கு அது தப்புமா?

"டேய், மெய்யாலுமே தள்ளுங்கடா! உங்க காலைப் புடிச்சிக்கறேன்டா! என் புள்ள பொழப்புடா!"

"தள்ளிகினுதான கீறோம் மாமு!" என்றான் பக்கத்தில் இருந்த ஜெனிஷ், மூச்சு வாங்குவது போல நடித்தபடி.

பச்சையம்மா ரோட்டிலிருந்து ஓடி வந்து தோள் கொடுத்தாள். கொடுத்தபடியே மணலைப் பார்த்தாள். "அடப் பாவிகளா! கையி பதினெட்டு கீது, குழி மூணுதான்டா கீது! நான், திலீப்பு, இந்தாளு!"

அதற்குள் பெரிய அலை வந்துவிட்டது. எல்லோரும் கையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் மட்டும் யாரும் நடிக்கவில்லை. மகிழினியை அலை தூக்கிக்கொண்டு போய், கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளின் மேல் இரண்டு முறை மோதியது. மூன்றாவது தேவைப்படவில்லை. திலீப் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். அப்பன் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் உங்கள் அப்பாவித்தனம்.

இரண்டு நாள் கழித்துக் கடல் அடங்கியது. பாறையில் கிடந்த பாதிப் படகையாவது இழுத்து வருவோம் என்று திலீப் இறங்கினான். இந்தமுறை ஊரே குற்ற உணர்ச்சியோடு வந்து மூச்சைப் பிடித்துத் தள்ளியது. தாமோதரனும் ஓடி வந்தார். நீலப் பெயின்டின் மேல், பேத்தியின் பெயருக்குப் பக்கத்தில் கை வைத்தார். பல்லைக் கடித்தார். "ஆங்... தள்ளு மாமு! வுடாதே!" என்றார். உடைந்த படகு மேட்டுக்கு ஏறியது. பச்சையம்மா குனிந்து மணலைப் பார்த்தாள். ஆளுக்கு ஆள் குழி விழுந்திருந்தது. தாமோதரன் நின்ற இடம் மட்டும் இஸ்திரி போட்டது போலக் கிடந்தது.

அவள் நிமிர்ந்தாள். திலீப் பக்கம் திரும்பி, "நாளையிலேந்து என் போட்டுக்கு வந்துடு திலீப்பு" என்று மட்டும் சொன்னாள்.

இதைப் படித்துவிட்டுத் தாமோதரனைத் திட்டுகிறீர்கள். திட்டுங்கள். யாருக்கோ கஷ்டம் என்று வாட்ஸப்பில் செய்தி வந்ததும் கும்பிடும் கையை ஒன்று அனுப்பிவிட்டு, அடுத்த செய்திக்குப் போனீர்களே, போன வாரம்? பக்கத்து வீட்டு பீரோவை மாடிக்கு ஏற்றும்போது, "பாத்து, பாத்து" என்று பின்னால் வந்தது யார்? அடுத்தமுறை நாலு பேரோடு சேர்ந்து எதையாவது தள்ளப் போனால், முகத்தை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். முதலில் காலைத் தூக்கி அடியில் பாருங்கள். பச்சையம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.