பருவை ஏன் கீறினனீ?

முகம் திருத்திகள் என்றோர் இனம் உண்டு, வாசகரே. எந்தப் படத்தைக் கண்டாலும், இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருந்திருக்கலாம், பல் தெரியச் சிரித்திருக்கலாம், பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியாவது விழுந்திருக்கலாம் என்று ஏங்குகிற இனம். அதுவும் படத்தில் இருப்பது தாங்கள் பெற்ற பிள்ளையாக இருந்துவிட்டால்? பிடிக்கவே முடியாது.

கனடாவின் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருக்கும் ஞானேந்திரன் இந்த இனத்தில் முதல்தரம். அவருடைய மகள் கஜந்தினிக்குப் பதினாறு வயது. மாணவர்கள் தங்களைத் தாங்களே வரைந்த ஓவியங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கஜந்தினி தன் முகத்தைச் சுவர் நிறைய வரைந்திருந்தாள்: கன்னமெல்லாம் பரு, மேலுதட்டில் பூனைமயிர், தூக்கம் போதாத கண்கள், யாரையும் மகிழ்விக்க உத்தேசமில்லாத பார்வை.

பார்க்கப் போன ஞானேந்திரன் பதறிப்போனார்.

“பருவை ஏன் பிள்ளை கீறினனீ? அது ரெண்டு மாதத்தில போயிடும். படம் இருக்குமெல்லே?”

“இப்ப இருக்குத்தானே, அப்பா.”

சும்மா இருப்பாரா? கைபேசியை எடுத்தார். மகள் பெரியவளானபோது நடந்த சாமத்தியச் சடங்கில் எடுத்த படம்: கணினியில் வெளுத்த முகம், இரவல் நகை, காலடியில் அன்னம், பின்னால் சுவிட்சர்லாந்து. “பொன்ஜூர்” என்று வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, “இதுதான் ஒரிஜினல்” என்றார். சித்திர ஆசிரியை மெலனி மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “என்ன துணிச்சலான கற்பனை! வரைந்தவர் யார்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

கஜந்தினி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“நான் இஞ்சதான் நிக்கிறன், அப்பா. எனக்கு முன்னால நிண்டுகொண்டே வேற ஆரையோ காட்டுறீங்கள்.”

பார்வையாளர்களும் தங்களை வரைந்து பார்க்கட்டும் என்று மண்டபத்தின் மூலையில் கண்ணாடியும் தாளும் பென்சிலும் வைத்திருந்தார்கள். ஞானேந்திரன் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மீசை வந்தது, கன்னங்கரேலென்று. அதன்பின் தலைமயிர் வந்தது, அலை அலையாக.

கஜந்தினி தாளைப் பார்த்தாள். அப்பாவின் நரைத்த மீசையையும் வழுக்கையையும் பார்த்தாள்.

“இது ஆர்?”

“நான்தான். கனடாவுக்கு வந்து இறங்கேக்க இப்பிடித்தான்.”

“இப்ப?”

அவர் கண்ணாடியை இன்னும் கிட்ட இழுத்தார்.

“அழிறப்பர் எங்க?”

ஒவ்வொரு அலையாக அழித்தார். “மீசை மட்டும் இருக்கட்டும், பிள்ளை” என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தன் ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டினாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் சொல்லுங்கள், வாசகரே: உங்கள் வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் புன்னகைக்கிற அந்த ஆளை நீங்கள் கடைசியாக நேரில் கண்டது எப்போது?