முற்றத்தைப் பார்க்கும் மாடி

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம். கடல் கடந்திருக்கும் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இறைவன் அருள்வானாக. இங்கே உங்கள் அக்கா நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நிம்மதிதான் இல்லை.

நம் சந்தின் கோடியில் பழைய குளியல்கூடம் இடிந்து கிடந்ததே, அங்கே அடுக்குமாடி எழும்புகிறது. அதற்கு வரைபடம் போடும் பெண் ஒருத்தி போன கோடையில் நம் வீட்டுக்கு வந்தாள். தெருக்கதவைத் திறந்தாலும் முற்றம் தெரியாதபடி நடை வளைந்து போகிறதல்லவா, அதில் டேப்போடு போனாள், வந்தாள், மறுபடி போனாள். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்க்கிறாளாம். ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் டிக்கெட் இருக்காது.

புதுக் கட்டடமும் இந்த ஊர் வீடுகளின் முறைப்படி இருக்க வேண்டும், யார் ஜன்னலும் அடுத்தவர் முற்றத்தைப் பார்க்கக் கூடாது, சந்தின் நிழல் கெடக் கூடாது என்றெல்லாம் சொன்னாள். பேச்சு தேனாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே அவள் டீக்கடையில் கட்டடக் காண்ட்ராக்டரோடு டீ குடிப்பதை என் கண்ணால் பார்த்தேன். நம் சந்துச் சுவர்களை இடித்து அகலமாக்கி கார் விட வேண்டுமென்று அலைகிறவர் அவர். உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. மறுநாள் வந்து, வீட்டில் எந்தப் பக்கம் அதிகம் புழங்குவீர்கள், அந்தப் பக்கம் பார்த்து ஜன்னல் வைக்காமல் விடுகிறோம் என்று கேட்டாள். வீட்டு ரகசியத்தைக் கொடுத்துவிடுவேனா?

"பின்பக்கம்தாம்மா. முற்றத்துப் பக்கம் நாங்க யாரும் போறதே இல்ல" என்றேன்.

இப்போது மூன்று மாடி எழும்பிவிட்டது. மாடிக்கு ஒன்றாக ஆள் உயரத் திறப்பு, மூன்றும் நம் முற்றத்தையே பார்த்துக்கொண்டு. நேற்று பனியனோடு உட்கார்ந்து குறுக்கெழுத்தை வாய்விட்டுப் படித்தேன், மேலேயிருந்து ஒரு கொத்தனார் விடை சொன்னார். விடை சரி, அதுதான் இன்னும் எரிச்சல். உங்கள் அக்கா முற்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். வானத்தைப் பார்த்துக் காய் நறுக்கியவள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நறுக்குகிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிச் செய்திருக்கிறாள் அந்தப் பெண். இதைவிட வஞ்சகம் உண்டா? வீட்டில் உங்களுக்கும் பங்கு இருப்பதால், நல்ல வக்கீலைப் பிடித்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்.

பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டில் நிழலும் குளுமையும் குறையாதிருக்க துஆ செய்யும்,
உங்கள் மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். அவை ஜன்னல்கள் இல்லையாம், சாமான் ஏற்ற விட்ட வழியாம். செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்துச் சுவர்களை இடிக்க வேண்டாமென்று காண்ட்ராக்டரைச் சம்மதிக்க வைத்ததும் அந்த டீக்கடையில்தானாம். வேலையாட்கள் போகட்டும் என்றுதான் உங்கள் அக்கா உள்ளே இருந்தாளாம். அன்று நான் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனதும், "அவரு சொன்னதுக்கு நேர் எதிரா எழுதிக்கம்மா" என்று வாசலில் அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் உங்கள் அக்கா. ஆகவே வக்கீல் வேண்டாம், நீங்களும் வர வேண்டாம். இதையே உங்கள் அக்கா இதுவரை இன்னும் யார் யாரிடம் சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் ரகசியமாக விசாரித்து எழுதவும்.