ஆறு புட்டி வைட்டமின் அனுப்பி வைக்கவும்

குவாம் தீவில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி எல்தெரினா அவர்களுக்கு, போன்பே தீவிலிருந்து தம்பி கஸியானோ, ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி பெர்னீதா, ஏழு மாதப் பேத்தி, மூன்று பன்றிகள், ஓயாத மழை, அனைவரும் சுகம். தங்கள் சுகத்தையும், தங்கள் முழங்கால்களின் சுகத்தைத் தனியாகவும் அறிய ஆவல். பிப்ரவரியில் தாங்கள் அனுப்பிய வைட்டமின் மாத்திரைப் புட்டி கிடைக்கப்பெற்றேன். அதன் பலனைத் தெரிவிக்கவே இம்மடல்.

பலன்னா சாதாரணப் பலன் இல்லை அக்கா. எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது. பெர்னீதா போன்ல பாதிதான் சொல்லியிருப்பா, அதுவும் அவளுக்குச் சாதகமான பாதி. போன வருஷக் கடைசியிலேர்ந்து பொழுது சாயற நேரத்துல எனக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சுது. பகல்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியும்; வெளிச்சம் கொஞ்சம் இறங்கினா போதும், யாரோ மூஞ்சில சாக்கைப் போத்தின மாதிரி ஆயிடும். ஒரு நாள் பன்னிக்கு வைக்கற தீனியைப் பக்கத்து வீட்டு வெல்தனோட காருக்கு முன்னால கொட்டிட்டு, இன்னிக்கு ஏன் இது சத்தமே போடலைன்னு நின்னேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா, சக்காவு வேர்ச்சாறு குடிக்கற விருந்துல ஊர்த் தலைவருக்குக் கிண்ணம் நீட்டற வேலை போயிடும். அப்பாவுக்கு அப்புறம் பன்னெண்டு வருஷமா என் கையில இருக்கற மரியாதை அது. அதுவும் போனா நான் யாரு, வெறும் பென்ஷன்காரன்.

ஜனவரி விருந்துல குட்டு உடைஞ்சுது. தலைவர் முகத்தை நேராப் பாக்கக்கூடாது, முகத்தைத் திருப்பிக்கிட்டுதான் கொட்டாங்குச்சியை நீட்டணும், உனக்குத் தெரியாததா. நானும் திருப்பிக்கிட்டு, குனிஞ்சு, பெரியவங்களுக்குன்னு இருக்கற மரியாதை மொழியில ஒரு சொல் தப்பாம சொல்லி நீட்டினேன். வாங்கலை. இன்னும் குனிஞ்சேன். வாங்கலை. என்ன கோவமோன்னு பயந்து, இருக்கறதுலயே பெரிய மரியாதைச் சொல்லா எடுத்துப் போட்டேன். அப்போ பக்கத்துலேர்ந்து தலைவர் மெதுவா, "கஸியானோ, தூணுக்குத் தாகம் இல்லையாம். எனக்குத்தான் இருக்கு"ன்னார். கூடமே சிரிச்சுது. வெல்தன் கொஞ்சம் கூடுதலாவே சிரிச்சான், என்னை நீக்கினா அந்தக் கிண்ணம் நீட்டற வேலை அவன் கைக்குத்தான் போகணும் இல்லையா. தலைவர் நல்ல மனுஷன், ஈஸ்டர் விருந்து வரைக்கும் பாக்கலாம்னு விட்டார். எனக்கு அன்னிக்குச் செத்துடலாம் போல இருந்துது.

பெர்னீதா என்னை மருந்தகத்துக்கு இழுத்துட்டுப் போனா. அங்க நர்ஸ் கியோமி சொன்னது இது: மங்கல் வெளிச்சத்துல பாக்கக் கண்ணுக்குள்ள ஒரு சாயம் வேணுமாம், வைட்டமின் ஏ இல்லாம உடம்பால அதைப் பண்ண முடியாதாம். என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டா. வெள்ளைச் சோறு, டப்பா இறைச்சி, நூடுல்ஸ்னு கௌரவமாத்தான் சொன்னேன். அதுக்கு அவ என்ன மருந்து சொன்னா தெரியுமா? கராத் வாழைப்பழம், உள்ள ஆரஞ்சா இருக்குமே நம்ம ஊர்ப் பழம், அது. அந்த ஆரஞ்சு நிறத்துலேர்ந்துதான் உடம்பு தனக்கு வேணுங்கற அளவு ஏ பண்ணிக்குமாம், கொழுப்பு கூட இருந்தாத்தான் அது உடம்புல சேருமாம், அதனால தேங்காய்ப்பால் விட்டுப் பிசைஞ்சு சாப்பிடணுமாம். அக்கா, பல்லு முளைக்காத குழந்தைக்கு ஊட்டற கராத்தை, அறுபத்து மூணு வயசுல, அரசாங்க முத்திரை குத்தின கையால நான் எடுத்துத் தின்னா ஊர் என்ன பேசும்? முடியவே முடியாதுன்னுட்டு, மாத்திரை கேட்டு உனக்கு எழுதினேன்.

புட்டியில தினம் ஒண்ணுன்னு போட்டிருந்துது. அது சும்மா இருக்கறவங்களுக்கு, தூணுக்குக் கிண்ணம் நீட்டினவனுக்கு ஆறுன்னு நானே முடிவு பண்ணினேன். நாலாம் நாள் தலை விண்விண்ணுன்னுது, வயித்தைப் புரட்டுச்சு. கியோமி வீடு தேடி வந்து திட்டினா. பி, சி எல்லாம் மிஞ்சினா தண்ணியோட வெளிய போயிடுமாம். ஏ அப்படி இல்லையாம், ஈரல்ல போய் உக்காந்துக்குமாம், அளவு மீறினா அதுவே விஷமாம். அன்னிலேர்ந்து பெர்னீதாதான் தன் கையால தினம் ஒண்ணு எடுத்துக் கொடுக்கறா. முதல்ல கசந்த மாத்திரை அப்புறம் இனிக்க ஆரம்பிச்சுது, லேசா எலுமிச்சை வாசனைகூட வருது. உடம்பு ஏத்துக்கிச்சுன்னா அப்படித்தான் போல.

வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்னு கேப்பே. சொல்லக் கூச்சமா இருக்கு, கூடப் பிறந்தவன்னு சொல்றேன். சிறுநீர் போனா அப்படி ஒரு மஞ்சள், பேத்தியோட இடுப்புத்துணியில இருக்கற அதே பளீர் மஞ்சள். பி ரெண்டாம் நம்பர் மிஞ்சினா அந்த நிறம் வரும்னு புட்டியோட வந்த தாள்லயே போட்டிருக்கு. அப்போ மாத்திரை முழு வேகத்துல ஓடுதுன்னுதானே அர்த்தம்? நடுவுல பெர்னீதா சாயங்காலம் தோறும் பூசணிக்களின்னு ஒண்ணு பண்றா, தேங்காய்ப்பால் மணக்க. நானும் பேத்தியும் எதிரெதிரா உக்காந்து ஆளுக்கொரு கிண்ணம் காலி பண்றோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

மெல்ல மெல்லக் கண்ணு திரும்புச்சு அக்கா. முதல்ல வேலி தெரிஞ்சுது, அப்புறம் பன்னி. ஈஸ்டர் அன்னிக்குப் பொழுது சாய்ஞ்சப்போ கிண்ணத்தை எடுத்துக்கிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன். கடைக்கண்ணுல தலைவரோட மாலை தெரிஞ்சுது, அவர் கால்விரல்கூடத் தெரிஞ்சுது. தூண் தள்ளி, தூணாவே நின்னுது. ஒரு சொட்டு சிந்தலை. வாங்கிக்கிட்டு, "இன்னிக்குத் தூணுக்குத்தான் ஏமாற்றம்"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. வெல்தன்கூட வந்து தோள்ல தட்டிட்டு, என்ன மருந்துன்னு காதோட கேட்டான், அவன் அம்மாவுக்கும் சாயங்காலம் ஆனா தடுமாறுதாம்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து அதே மாத்திரையில் ஆறு புட்டி அனுப்பி வைக்கவும். கியோமி இன்னமும் கராத், கராத் என்றே பாடிக்கொண்டிருக்கிறாள், பாவம், விஞ்ஞானம் அறியாதவள். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் தங்கள் முழங்கால்கள் இரண்டையும் காப்பாராக.

இப்படிக்கு,
பார்வை மீண்ட தம்பி,
கஸியானோ

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்கு முன்னால பெர்னீதா இதை வாங்கிப் படிச்சா. உள்ள போய், அரிசி டப்பாவைத் திறந்து, உன் மாத்திரையில மிச்சம் அத்தனையையும் கொண்டுவந்து மேஜைமேல கொட்டினா. நாலாம் நாளே எடுத்து ஒளிச்சுட்டாளாம். அதுக்கப்புறம் நான் முழுங்கினதெல்லாம் கடை எலுமிச்சை மிட்டாயாம். பூசணின்னு ஒண்ணு இந்த வருஷம் நம்ம வீட்டு வாசலையே மிதிக்கலையாம், சாயங்காலக் களி அத்தனையும் கராத்தாம். "பேத்தி துணியும் அதே மஞ்சள்னு எழுதியிருக்கீங்களே, அவ எந்தப் புட்டியிலேர்ந்து முழுங்கினா?"ன்னு கேட்டா. முப்பத்தஞ்சு வருஷம் முகவரி பார்த்துப் பார்த்துத் தபால் பிரிச்ச நான், இந்த மஞ்சள் எங்கேர்ந்து வந்துதுன்னு பாக்காம விட்டுட்டேன்: கராத்துலயும் அந்த பி ரெண்டாம் நம்பர் இருக்காம். அப்புறம் பேத்தி மிச்சம் வெச்ச கராத் கிண்ணத்தை எடுத்து என் முன்னால நீட்டினா. முகத்தைத் திருப்பிக்காம, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். ஆறு புட்டி வேண்டாம் அக்கா. வெல்தன் அம்மாவுக்கு நாளைக்கு நானே ஒரு கிண்ணம் கொண்டுபோறேன், பூசணிக்களின்னு சொல்லித்தான்.