ஒன்பதாவது துண்டு

முப்பத்திரண்டு வருடங்களாக நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. உண்மையை எந்தப் பக்கத்தால் திருப்பி வைத்தால் ஆள் அழகாகத் தெரிவார் என்பது மட்டும் எனக்குச் சிறு வயதிலேயே பிடிபட்டுவிட்டது.

எனக்கு இருபது வயதாக இருந்தபோது எழுதிய ஒரு வரி இது: "இன்று எங்கள் கோயிலில் பாடகர் குழுவின் பதினான்கு பாட்டுகளும் ஒலிப்பதிவாயின. என்னுடைய பங்களிப்பு இல்லாவிட்டால் இந்தப் பதிவு நடந்தே இராது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இந்த வரியைக் கொண்டுதான் நான் பிற்காலத்தில் 'அந்த நாளில் ரெனர் பாடின ஆள்', அதாவது ஆண்களின் மேல்குரலில் பாடியவன், ஆனேன். எனக்குக் கலியாணம் பேசியபோதுகூட, "மாப்பிள்ளை நல்லாப் பாடுவார்" என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். (நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.) கலியாணத்துக்குப் பிறகு மலர் பாடச் சொன்ன போதெல்லாம், "தொண்டை பழுதாப் போச்சுது" என்று சொல்லியே இருபது வருடத்தை ஓட்டிவிட்டேன்.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் அந்தக் குழுவை நடத்தியவர் என் அத்தான், அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலம் அது. ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் ஏறி மிதிப்பார். அதன் டைனமோவில் இருந்து வரும் கறண்டில் ரேப் ரெக்கோடர் ஓடும். அப்படிப் பதிந்த பதினான்கு பாட்டுகளில் ஒன்பதாவது, அத்தான் தங்கள் கலியாணத்துக்காகத் தானே எழுதி மெட்டும் போட்டது. அந்த வருட மாரி மழைக்கு முன்பே அவர் காய்ச்சலில் போய்விட்டார். மகள் ஷாலினிக்கு அப்போது இரண்டு வயது.

கசற்றை அக்கா ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தாள். ஓட விட்டால் நாடா அறுந்துவிடும் என்ற பயத்தில் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை.

ஷாலினிக்குக் கலியாணம் சரிவந்த கிழமை அந்த ரின்னோடு என்னிடம் வந்தாள்.

"மாமா, நான் அப்பான்ரை குரலை ஒருநாளும் கேட்டதில்லை. கோயிலுக்குள்ளை உங்கடை கையைப் பிடிச்சு நடந்து வரேக்கை அந்த ஒன்பதாம் பாட்டுப் போகவேணும். அண்டைக்குத்தான் நான் முதல் கேப்பன். செய்து தருவியளோ?"

"ஓம் பிள்ளை. அது என்ன பெரிய வேலை," என்றேன்.

முதல் பாதி உண்மையிலேயே பெரிய வேலையாக இருக்கவில்லை. மருதனார்மடத்தில் திருத்து வேலை செய்யும் ஒருவரிடம் பழைய கசற் பிளேயர் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒரு வயரால் மடிக்கணினியோடு இணைத்தேன். கசற் அறுபடாமல் இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. கணினிக்குள் எண்பத்திரண்டு நிமிட நீளத்தில் ஒரே ஒரு ஒலிப்பதிவு வந்து கிடந்தது.

இனி அதைப் பாட்டுப் பாட்டாகப் பிரிக்கவேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. சத்தம் அடங்கும் இடங்களைத் தானே தேடிப் பிடித்து, அந்த இடத்தில் வெட்டி, தனித்தனித் துண்டாக அடுக்கித் தரும். எத்தனை விநாடி அமைதியாக இருந்தால் வெட்டலாம் என்று நாம் சொல்லிக் கொடுத்தால் போதும். ஒரு விநாடி என்று கொடுத்தேன். முப்பத்தேழு துண்டு வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் கோயிலில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஆர்மோனியத்தில் முதல் அடியை வாசித்துக் காட்டி, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் பாடத் தொடங்குவார்கள். முடிவில் இன்னொரு மூச்சு விட்டு ஆமென். பாவம், மென்பொருளுக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியப்போகிறது. ஒரு பாட்டையே மூன்றாக நறுக்கி வைத்திருந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதர் ஒருவர் என்ன செய்வார்? துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பார். நான் ஒழுங்கான மனிதன். என் நாட்குறிப்பில் பதினான்கு பாட்டின் பெயரும் வரிசைப்படி எழுதியிருக்கும்போது காதை எதற்குத் தொந்தரவு செய்யவேண்டும்? அமைதியின் அளவை இரண்டு விநாடி ஆக்கினேன். இருபத்திரண்டு துண்டு. நான்கு விநாடி ஆக்கினேன். பதினொன்று. மூன்றுக்கு வந்தேன். பதினாறு. மூன்றரை விநாடியில், அப்பழுக்கில்லாமல், பதினான்கு.

நாட்குறிப்பைப் பார்த்து வரிசையாகப் பெயர் எழுதினேன். முதலாவதைப் போட்டுப் பார்த்தேன், சரி. பதினான்காவதைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி.

மலர் கணித ஆசிரியை. தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"நடுவிலை கிடக்கிறதுகளைக் கேட்டனீங்களோ?"

"முதலும் கடைசியும் சரி, எண்ணிக்கையும் சரி. நடுவிலை பிழைக்க வழியில்லை. சத்தமாப் போட்டால் மதிலுக்கு அங்காலை அக்கா வீட்டிலை பிள்ளைக்குக் கேட்கும்."

"எண்ணிக்கை சரியெண்டால் விடையும் சரியெண்டு எந்தப் புத்தகத்திலை கிடக்கு? காதிலை மாட்டிறது மேசையிலைதானே கிடக்கு."

"பதிவு நடக்கேக்கை நான் அங்கை நிண்டனான், மலர்."

அவள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதினேன்: "ஒலிப்பதிவு பிரிக்கும் வேலை பூர்த்தி. பிழை எதுவுமில்லை."

கலியாணம் காலை பத்து மணிக்கு. கோப்பாயில் எங்கள் சின்னக் கோயில் நிரம்பி, ஆட்கள் வாசலிலும் நின்றார்கள். மடிக்கணினியைச் சவுண்ட் பொக்சோடு இணைத்து மலரை அதன் முன்னால் இருத்தியிருந்தேன். ஓகன் இசை நின்றதும் ஒன்பதாம் இலக்கத்தை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். நான் புதுக் கோட்டோடு ஷாலினியின் கையைப் பிடித்து வாசலில் நின்றேன். அவளுடைய கை குளிர்ந்து போயிருந்தது.

"பயமோ பிள்ளை?"

"அப்பான்ரை குரல் எப்பிடி இருக்கும் மாமா?"

"இப்ப கேப்பாய்."

ஓகன் நின்றது. நாங்கள் காலை எடுத்து வைத்தோம். சவுண்ட் பொக்சில் சைக்கிள் சங்கிலி கிறீச் கிறீச் என்றது. யாரோ இருமினார்கள். பிறகு அத்தானின் குரல், கோயில் சுவரெல்லாம் அதிர:

"பாடத் தொடங்க முன்னம் ஒரு கதை. போன பாட்டிலை பின்னாலை, கண்டுக்குட்டியைத் தேடுற பசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது ஆர்?"

நான் நின்றுவிட்டேன். முப்பது வருடத்துக்கு முந்திய என் குரல், மிகப் பணிவாக, "நான்தான் அத்தான். ரெனர்," என்றது.

"ராஜனோ? ரெனரை இஞ்சை மூண்டு பேர் பாடுகினம். நீ பாடுறது என்னெண்டு எனக்கு விளங்கேல்லை."

பதிவுக்குள் குழு சிரித்தது. பதிவுக்கு வெளியே, முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ பாடினது காணும். சைக்கிளிலை இருக்கிற ஆள் களைச்சுப் போனார். அவரை இறக்கிப்போட்டு நீ ஏறி மிதி. காலெண்டாலும் தாளத்துக்கு வருதோ பாப்பம்."

முந்நூறு பேரும் அடக்கியதைச் சிரிப்பாக விட்டுவிட்டார்கள். போதகர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் மலரை நோக்கி, நிறுத்து நிறுத்து என்று கையைக் காட்டினேன். அவள் கையும் விசைப்பலகை வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. ஷாலினி தோள் குலுங்கக் குனிந்திருந்தாள். இரண்டு வயதில் அப்பாவை இழந்த பிள்ளை கேட்ட ஒரேயொரு காரியத்தை நாசமாக்கிவிட்டேன், பிள்ளை அழுகிறது என்று நினைத்தேன். அவள் முகத்தை நிமிர்த்தினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அத்தான் குரலைத் தணித்தார்.

"அங்கை பார், என்ரை பிள்ளை முழிச்சிட்டாள். ஷாலு, அப்பா இப்ப பாடப்போறன். நீ சத்தம் போடக்கூடாது, என்ன? மாமாவைப் பார், அவரும் பாடேல்லை."

ஷாலினி, சொன்னபடியே, மாமாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நாட்குறிப்பில் எப்படி எழுதுவதென்று அன்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

கோயில் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மென்பொருள் சரியாக வெட்டியிருந்த அந்த மூன்றரை விநாடி அமைதி. மலர் ஒன்றையும் தொடவில்லை. அடுத்த துண்டு தானாகத் தொடங்கியது. அதுதான் உண்மையான ஒன்பதாம் பாட்டு. அத்தான் பாடினார். பின்னணியில் சங்கிலியின் கிறீச் கிறீச் கேட்டது. இப்போது மிதித்துக்கொண்டிருப்பது யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நாங்கள் நடந்தோம். (தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போனது. கடைசிவரை நின்றுவிடவில்லை என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.)

முன் வரிசையைக் கடக்கும்போது அக்கா பக்கத்தில் இருந்தவரிடம், "இவர் எப்பவும் உப்பிடித்தான், ஆளைப் பாத்துக் கதைக்கமாட்டார்," என்று சொன்னது காதில் விழுந்தது. போனவரைப் பற்றிச் சொல்வது போலவே இல்லை. சமையலறைக்குள் நிற்கும் மனிதரைப் பற்றிக் குறை சொல்வது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மென்பொருளைத் திறந்து பார்த்தேன். அத்தானின் பேச்சு தனித் துண்டாகி ஒன்பதாம் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஈடாகப் பன்னிரண்டாம் பதின்மூன்றாம் பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. ஒரு பிழையை இன்னொரு பிழை சமப்படுத்தி, எனக்குப் பதினான்கு என்று காட்டியிருக்கிறது.

"நான் கை காட்டினது தெரிஞ்சதுதானே. ஏன் நிப்பாட்டேல்லை?" என்று மலரிடம் கேட்டேன்.

"பிள்ளை தேப்பன்ரை குரலைக் கேட்டுக்கொண்டு நிண்டவள். உங்களுக்காக நிப்பாட்டுறதோ?" கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினாள். "தொண்டை பழுதாப் போச்சுது எண்டு சொன்னனியள், என்ன?"

"ஓம்."

"காலுக்கு ஒண்டுமில்லைத்தானே."

மூன்றாம் நாள் ஷாலினி மாப்பிள்ளையோடு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"மாமா, முதல் வெட்டேக்கை முப்பத்தேழு துண்டு வந்ததெண்டு மாமி சொன்னவ. எனக்கு அந்த முப்பத்தேழும் வேணும். பாட்டை விடக் கதை இருக்கிற துண்டுகள்தான் வேணும்."

இந்த முறை காதில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் முதலில் இருந்து கடைசிவரை கேட்டேன். நான்கு நாள் எடுத்தது. அத்தான் தண்ணீர் கேட்பது, அக்காவைக் கூப்பிடுவது, ஆர்மோனியக்காரரோடு வாதாடுவது என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுக் கொடுத்தேன். பழைய நாட்குறிப்பையும் எடுத்து, அந்த வரியின் கீழே இன்றைய திகதி போட்டு ஒரு திருத்தம் எழுதினேன்: "பங்களிப்பு: ஒன்பதாம் பாட்டில் இருந்து சைக்கிள் மிதித்தல்."

கிறிஸ்து பிறந்த நாளான போன நத்தாருக்குக் காலை ஆராதனையில் இரண்டாம் பாட்டின் நடுவில் கறண்ட் போய்விட்டது. ஓகன் நின்றது. ஃபான்கள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. போதகரில் இருந்து வாசலில் நின்றவர் வரை, ஒருவர் மிச்சமில்லாமல், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். முன் வரிசையில் அக்காவின் மடியில் இருந்த ஷாலினியின் மகன், அவனுக்கு இன்னும் பேச்சுச் சரியாக வரவில்லை, என்னைக் கையால் காட்டி, "சைக்கிள்," என்றான்.